ஆற்றைக் கடக்கும் அத்தியாயம்

1

இரண்டு பக்கம்தான் கேட்டார்கள். அதுவும் கதை அல்ல.

மலையேறுகிறவர்களுக்கும் காட்டுவழி நடக்கிறவர்களுக்கும் என் வீட்டுக்காரர் எழுதிய கையேடு ஒன்று இருக்கிறது. எந்த ஷூ வாங்குவது, கூடாரத்தை எங்கே அடிப்பது, நனைந்த காலுறையை நடந்துகொண்டே எப்படி உலர்த்துவது என்று இருநூற்றுப் பத்துப் பக்கம். இரண்டு பதிப்பு தீர்ந்து மூன்றாவது வரப்போகிறது. எழுதியவர் இல்லை. ஆகவே ஆற்றைக் கடக்கும் அத்தியாயத்தை மட்டும் திருத்தித் தரும்படி பதிப்பகத்துப் பெண் என்னைக் கேட்டாள்.

"எண்பத்தி நாலாம் பக்கத்துல ஆரம்பிக்குது பாருங்கக்கா, அந்த ரெண்டு பக்கம்தான். உங்களுக்குத் தெரியாததா?"

தெரிந்ததுதான் தொல்லை.

உட்கார்ந்து எழுதினேன். முதல் வரி கையேட்டு வரியாகவே வந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது வரியில் ஒருத்தி ஆற்றங்கரையில் குனிந்து ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தாள். அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். மறுபடியும் அதே இடத்தில் குனிந்திருந்தாள். இவள் நிமிர்ந்து எழுந்திருக்கும்வரை கையேடு ஓர் அடி நகராது என்று புரிந்தது. கதை இப்படித்தான் வந்து சேர்ந்தது.

எதையும் மறைத்துவைத்துக் கடைசியில் திரை விலக்கும் வித்தை எனக்கு வராது. அந்த ‘அவள்’ நான்தான். ‘நான்’ என்று எழுதினால் நாலாவது வரியில் எனக்கு நானே வக்கீலாகிவிடுகிறேன். ‘அவள்’ என்று எழுதினால் நாலு அடி தள்ளி நின்று பார்க்க முடிகிறது. பார்க்க வேண்டியதும் ஒன்றே ஒன்றுதான். அந்த நேரத்தில் அவள் கை எங்கே இருந்தது?

2

தொடக்கம் மட்டும் மூன்று எழுதினேன்.

‘அன்று ஆறு வழக்கத்தைவிட—’

[வேண்டாம். ஆற்றில் தொடங்கினால் பழி ஆற்றின் தலையில் விழும். ஆறு ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.]

‘அவரைப் போல ஒரு நல்ல மனிதரை—’

[செத்துப்போனவரைப் பற்றி இப்படித் தொடங்கும் எதையும் நானே படிக்க மாட்டேன்.]

‘அவளுக்குத் தொழில் பை தைப்பது.’

இது நிற்கும் போலிருக்கிறது.

அவளுக்குத் தொழில் பை தைப்பது. சைக்கிள் கடைக்கு மேலே ஒரே அறை. இரண்டு தையல் இயந்திரங்கள், ஒன்று துணிக்கு, இன்னொன்று கனத்த நாடாவுக்கு. சுவர் முழுக்க ஆணிக்கு ஆணி ஜிப்பும் பக்கிளும் வளையமும் தொங்கும். வாரறுந்த முதுகுப்பையும் கிழிந்த கூடாரமும் அங்கே படியேறி வரும், பிழைத்து இறங்கிப் போகும். புதிதாகத் தைப்பதைவிடக் கிழிந்ததைத் தைப்பதில்தான் அவளுக்கு ருசி. கிழிசலைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவாள். அடிப்பக்கம் தேய்ந்திருந்தால் பையைத் தரையோடு இழுக்கிற சோம்பேறி. ஒரு பக்கத் தோள்வார் மட்டும் நைந்திருந்தால் தண்ணீர் பாட்டிலை எப்போதும் ஒரே பக்கம் சொருகுகிறவர். துணி பொய் சொல்லாது என்பது அவள் கட்சி.

அவர் முதல்முதலாக வந்தது அறுந்த தோள்வாரோடும் நாலாக மடித்த ஒரு தாளோடும்.

"என்னென்ன செய்யணும்னு வரிசையா எழுதியிருக்கேங்க."

"பையைக் குடுங்க. அதுவே சொல்லும்."

"இல்ல, ஒருதடவை படிச்சுட்டீங்கன்னா நல்லது."

படித்தாள். பதினோரு வரிகள். ஒன்பதாவது வரி: ‘தைப்பவர் சொல்வதைக் கேட்கவும்.’

"இது யாருக்கு எழுதினது?"

"எனக்குத்தான். மறந்துடுவேன்."

அதற்கப்புறம் அவளுக்கு ஊசியில் நூல் கோக்க வரவில்லை. சிரிப்பில் கை ஆடியது.

நடைக்குழுவில் அவருக்கு ‘லிஸ்ட்டு’ என்று பெயர். பல் டாக்டரிடம் போனாலும் சட்டைப்பையில் ஒரு தாள் இருக்கும், ‘வாயைத் திறக்கும் முன் கேட்க வேண்டியவை’ என்று. வார இதழ் ஒன்றில் கேள்வி பதில் எழுதினார். ‘விலை உயர்ந்த மழைக்கோட்டு வாங்கியும் உள்ளே நனைகிறதே?’ என்று ஒருவர் கேட்டிருந்தார். ‘அது மழை அல்ல, நீங்கள். வியர்க்காமல் மெதுவாக நடக்கவும். கக்கத்து ஜிப்பைத் திறந்துவிடவும்’ என்று பதில் போட்டார். அவருடைய கையெழுத்து அவருக்கே புரியாது. அத்தனையையும் தட்டச்சு செய்தவள் அவள்தான். கையேடு முழுவதும் அவள் விரல் வழியாகத்தான் போயிற்று.

(* முதுகுப்பை கட்டுவது பற்றி அவர் எழுதியது: ‘தூங்கும் பை அடியில். கனமான சாமான் முதுகை ஒட்டி, தோளுக்குச் சற்றுக் கீழே. மழைக்கோட்டு எல்லாவற்றுக்கும் மேலே, மழை உங்களிடம் கேட்டுக்கொண்டு வராது. உங்கள் மனைவியின் ஸ்வெட்டரும் எப்படியோ உள்ளே வந்து சேர்ந்திருக்கும், கண்டுகொள்ளாதீர்கள்.’ கடைசி வரியை இரண்டாம் பதிப்பில் அவள் நீக்கினாள், கையேட்டுக்கு அழகில்லை என்று. அவரும் சரி என்றுவிட்டார். இந்தக் கதையில் அதைத் திரும்பச் சேர்த்துக்கொள்கிறேன்.)

3

இனிமேல் கொஞ்சம் கையேடாகவே பேச வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள், இது தெரியாமல் அப்புறம் நடந்தது புரியாது.

பெரிய முதுகுப்பையில் தோள்வார் இரண்டு போக, குறுக்கே இரண்டு பட்டைகள் உண்டு. கீழே இடுப்புப் பட்டை, பாரத்தைத் தோளிலிருந்து இடுப்புக்கு இறக்கும். மேலே நெஞ்சுப் பட்டை, தோள்வார் நழுவாமல் இழுத்துப் பிடிக்கும். நடக்கும்போது இரண்டும் மாட்டியிருக்க வேண்டும். ஆற்றில் இறங்கும் முன் இரண்டையும் அவிழ்த்துவிட வேண்டும். தண்ணீரில் விழுந்தால் பையிலிருந்து தோளை உருவிக்கொண்டு எழுந்துவிடலாம். மாட்டியிருந்தால், விழுந்தவரைப் பை விடாது. கையேட்டில் தடித்த எழுத்தில் இருக்கும் வரிகள் மொத்தம் ஆறு, அதில் இது ஒன்று.

அவருக்கு இடது தோள் முழுதாக மேலே வராது. விரல் நுனிகளும் மரத்திருக்கும். ஸ்கூட்டரிலிருந்து விழுந்தது. மலையிலிருந்து விழுந்ததாகச் சொல்லிக்கொள்ள ஆசைப்படுவார், அவள் விட மாட்டாள். நெஞ்சுப் பட்டையின் பக்கிளை இரண்டு பக்கமும் சேர்த்து அமுக்கினால்தான் விடும், அது அவர் கைக்கு வராது. ஆகவே மாட்டுவதும் அவள், கழற்றுவதும் அவள். நாளடைவில் அது ஒரு வழக்கமாகிவிட்டது. எந்த ஓடைக்கரையிலும் அவர் அவள் முன்னால் வந்து நிற்பார்.

"மேல?"

அவள் நெஞ்சுப் பட்டையைக் கழற்றிவிட்டு, "மேல" என்பாள்.

"கீழ?"

இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட்டு, "கீழ."

பிறகு அவர் அவளுடைய இரண்டையும் தொட்டுப் பார்ப்பார். பன்னிரண்டு வருஷம். முழங்கால் அளவு ஓடைக்கும் இதே சடங்கு. குழுவில் முடிச்சு என்று ஒருவர், எலக்ட்ரீஷியன், அவருக்கு உயிர் நண்பர், அவளை அண்ணி என்று கூப்பிடுவார். ஒன்று போதும் என்கிற இடத்தில் நாலு முடிச்சு போடுகிற ஆள், அதனால் அந்தப் பெயர். அவர் அக்கரையிலிருந்து கத்துவார்.

"அண்ணே, ரெண்டு பேரும் லிஃப்ட் மாதிரி மேல கீழன்னு போயிட்டு வாங்க! நாங்க டீ போட்டுக் குடிச்சு, கிளாஸும் கழுவி வெச்சுடறோம்!"

எழுதும்போது ஒன்று தோன்றுகிறது. தினமும் செய்கிற காரியத்துக்கு ஒரு சொல் கொடுத்துவிட்டால், சொல் மட்டும் தனியே நடக்கக் கற்றுக்கொள்ளும். கை பின்னால் வருகிறதா என்று அது திரும்பிப் பார்க்காது.

[இது கதைக்குள் வரலாமா? தத்துவம் மாதிரி இருக்கிறது. இருக்கட்டும். இதைச் சொல்ல எனக்கு விலை அதிகம் ஆகியிருக்கிறது.]

4

அன்று காலை.

ஆறு பேர் போனார்கள். மேலே பனி உருகி வருகிற ஆறு. வெயில் ஏற ஏறத் தண்ணீர் கூடும், ஆகவே காலையிலேயே கடக்கவும் என்று கையேடு சொல்கிறது. காலையிலேயே போனார்கள். குறுகிய இடத்தில் கடக்காதே, அங்கேதான் ஆழமும் வேகமும், அகன்று பரந்த இடமாகப் பார் என்று சொல்கிறது. பார்த்தார்கள். ஒரு சுள்ளியை எறிந்து அது போகிற வேகத்துக்குக் கரையில் கூடவே நடந்து பார்த்தார் அவர். நடக்க முடிந்தது. ஓட வேண்டியிருந்தால் கடக்கக் கூடாது. கீழே திருப்பத்தில் கயிற்றோடு முடிச்சு நின்றார். எல்லாம் புத்தகத்தில் இருந்தபடி.

ஷூ மட்டும் புத்தகப்படி இல்லை. அவள் புது ஷூவைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெறுங்காலோடு இறங்கப் போனாள்.

"டெய்லரம்மா, ஷூவைப் போடு. காலுறையை மட்டும் கழட்டு."

"நனைஞ்சா ரெண்டு நாளைக்குக் காயாதுங்க."

"காலுக்கு ஷூவா, ஷூவுக்குக் காலா? கல்லு வழுக்கும். எண்பத்தஞ்சாம் பக்கம் படிச்சுக் காட்டட்டுமா?"

"அந்தப் பக்கத்தை அடிச்சவளே நான்தான். எனக்கே பாடமா?"

"அடிச்சா போதுமா? படிக்க வேணாமா?"

பின்னால் நின்ற மூன்று பேரும் சிரித்தார்கள். அவளுக்குச் சுருக்கென்றது. பெரிய சண்டை இல்லை, பன்னிரண்டு வருஷக் குடித்தனத்தில் இது சண்டைக் கணக்கிலேயே சேராது. ஆனால் நாலு பேர் முன்னால். அவள் வெடுக்கென்று உட்கார்ந்து காலுறையை உருவினாள். வெறுங்காலில் ஷூவை மாட்டினாள். எழுந்து குனிந்து நாடாவை இறுக்கினாள், தேவைக்கு மேலேயே இறுக்கினாள். அவர் பையோடு அவள் முன்னால் வந்து நின்றார். அவருடைய ஷூ நுனி அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

"மேல?"

முதல் வடிவம்: அவள் நாடாவை முடித்துவிட்டு நிமிர்ந்தாள். முகத்தைப் பார்க்காமலே நெஞ்சுப் பட்டையில் கைவைத்து அமுக்கினாள். ‘டக்’ என்று விட்டது. "மேல" என்றாள்.

இரண்டாம் வடிவம்: அவள் நிமிரவில்லை. இரண்டு கையும் ஷூ நாடாவில் இருந்தன. தரையைப் பார்த்துக்கொண்டே "மேல" என்றாள். பிறகு நிமிர்ந்தாள். அவர் "கீழ?" என்றார். இடுப்புப் பட்டையைக் கழற்றினாள், உண்மையாகவே கழற்றினாள். "கீழ."

இரண்டிலும் அவர் தலையாட்டிவிட்டுத் தண்ணீரைப் பார்க்கத் திரும்புகிறார். இரண்டிலும் அவள் சொன்னதை நம்புகிறார்.

5

இந்த இடத்தில் உங்களை எச்சரிக்க வேண்டியவள் நான். இவளை நம்பாதீர்கள்.

ஒரு வருஷம் முழுக்க இவள் முதல் வடிவத்தில்தான் குடியிருந்தாள். அந்த ‘டக்’ இவள் காதில் கேட்டது. பக்கிளின் ஈரம் விரலில் இருந்தது. கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள், "ரெண்டையும் கழட்டினேன்" என்று. அப்போது அது பொய் என்று இவளுக்கே தெரியாது. பன்னிரண்டு வருஷத்தில் ஐந்நூறு தடவை கேட்ட ‘டக்’. அதில் ஒன்றை எடுத்து அந்தக் காலைக்கு ஒட்டுப்போட்டுக்கொள்ள மனசுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? தையல்காரியின் மனசு, ஒட்டு தெரியாமல் தைத்துவிட்டது.

ஆற்றில் நடந்தது சுருக்கமாக. அவர் ஊன்றுகோலை நீர் வரும் பக்கத்தில் ஊன்றி, நீரோட்டத்தைப் பார்த்தபடி பக்கவாட்டில் அடி வைத்துப் போனார். சரியாகவே போனார். நடு ஆற்றைத் தாண்டியதும் காலடியில் கல் புரண்டது. விழுந்தார். விழுவது புதிதல்ல, எல்லாரும் விழுந்திருக்கிறோம். கையை உருவி, பையை விட்டு, எழுந்து, திட்டு வாங்கிக்கொண்டு கரையேறுவோம். அவர் எழவில்லை. பை மட்டும் மேலே தெரிந்தது. அது திருப்பத்தை நோக்கி—

[இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை.]

முடிச்சு இடுப்பளவு தண்ணீரில் பாய்ந்து இழுத்துக் கரை சேர்த்தார். மற்றவர்கள் கல்லில் தடுக்கி ஓடி வந்து சேரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவள் வந்தபோது பை தனியாகக் கிடந்தது. பட்டைகள் திறந்திருந்தன. "எல்லாம் கழட்டித்தான் இருந்துச்சு. தண்ணி இழுத்துடுச்சு" என்றார் முடிச்சு. அதை அன்று மூன்று தடவை சொன்னார். யாரும் கேட்காமலே.

பை ஒரு வருஷம் கடையின் மூலையில் துணி மூடிக் கிடந்தது. போன மாதம் எலி கடித்திருக்குமோ என்று எடுத்துப் பார்த்தாள். எலி கடிக்கவில்லை. ஆனால் நெஞ்சுப் பட்டை தோள்வாரோடு சேருகிற இடத்தில் தையல் இரண்டு பக்கமும் பிரிந்திருந்தது. நூல் மேல்நோக்கி இழுபட்டு, துளைகள் கண்ணீர்த்துளி போல நீண்டிருந்தன. அவளே தைத்த தையல், எட்டு வரிசை. திறந்து தொங்குகிற பட்டையை எந்த ஆறும் இப்படி இழுக்க முடியாது. ஓர் ஆளின் பாரம் முழுவதும் தொங்கினால்தான் துளை இப்படி நீளும். ஆயிரம் பையைப் படித்தவள் இதையும் படித்தாள்.

அந்த ‘டக்’ அதோடு நின்றுவிட்டது. பிறகு எவ்வளவு முயன்றும் காதில் வரவில்லை.

ஆக, இரண்டாம் வடிவம்.

6

இத்தோடு முடிந்திருந்தால் இது என் துக்கம், உங்களுக்கு இதில் வேலையில்லை. எத்தனையோ பேர் இப்படி ஒன்றை மடியில் கட்டிக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள்.

பதிப்பகத்துப் பெண் மறுபடி கூப்பிட்டாள்.

"அக்கா, உங்களுக்குக் கஷ்டமா இருந்தா நாங்களே மாத்திக்கறோம். ஒரே ஒரு வரிதான். படிக்கட்டுமா?"

"படி."

"‘முந்தைய பதிப்புகளில் ஆற்றைக் கடக்கும்போது பட்டைகளை அவிழ்த்துவிடும்படி கூறப்பட்டிருந்தது. ஆசிரியரின் அனுபவத்தைக் கருத்தில் கொண்டு, பட்டைகளை மாட்டியே வைத்திருக்கப் பரிந்துரைக்கிறோம். பை மிதவையாக உதவும்.’ எப்படி இருக்கு?"

"யாரு சொன்னது இப்படி?"

"குழுவுல எல்லாரும்தான் பேசி முடிவெடுத்தாங்க. அவரு எல்லாமே சரியாத்தானேக்கா செஞ்சாரு? ரெண்டு பட்டையும் கழட்டித்தானே இறங்கினாரு? அப்படியும் இப்படி ஆச்சுன்னா, ரூல்தானே தப்பு?"

கணக்கு சரியாகத்தான் இருந்தது. அவளும் முடிச்சும் ஆளுக்கொரு பொய் எண்ணைக் கொடுத்திருந்தார்கள், விடை அதன்படி வந்திருந்தது.

"ரெண்டு நாள் குடும்மா."

"சரிக்கா. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயிடும், அதுக்குள்ள சொல்லிடுங்க."

கையேடு எழுதுவதைப் பற்றி அவர் ஒருமுறை சொன்னது ஞாபகம் வருகிறது. ‘செய்யவும்’ என்று ஒரு வரி இருந்தால், அதற்குப் பின்னால் எங்கேயோ ஒருத்தர் செய்யாமல் விட்டிருக்கிறார் என்றார். கூடாரத்துக்குள் அடுப்பு எரிக்காதே என்ற வரிக்குப் பின்னால் காலையில் எழுந்திருக்காத யாரோ இருக்கிறார்கள். தீப்பெட்டியை இரண்டு இடத்தில் வை என்பதற்குப் பின்னால் குளிரில் விறைத்த யாரோ. அவர்கள் பெயர் எந்தப் பக்கத்திலும் இராது. இப்போது அவரும் ஒரு வரிக்குப் பின்னால் போய் நிற்கப் போகிறார். அதுவும் தப்பான வரிக்கு.

அவள் மட்டும் வாயைத் திறந்தால் வரி திரும்பிவிடும். திறந்தால் இன்னொன்றும் போகும். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் நாத்தனார் கூப்பிடுவார். அவருக்கு அக்கா, தாய்க்குத் தாயாக இருந்து வளர்த்தவர். ஒவ்வொரு வாரமும் பேச்சு ஒரே இடத்தில்தான் வந்து முடியும்: "என் தம்பி எழுதினபடியே நடந்தவன்மா. அவன் மேலயும் தப்பில்ல, உன் மேலயும் தப்பில்ல. அத நெனச்சுத்தான் நான் சோறு திங்கறேன்." அவளுக்கும் வாரத்தில் அந்தப் பத்து நிமிஷம்தான் அவரைத் தெரிந்த ஒருவரோடு அவரைப் பற்றிப் பேசுகிற நேரம்.

7

முடிச்சு வியாழக்கிழமை மத்தியானம் கடைக்கு வந்தார், கயிற்றுப் பையில் ஜிப் போயிற்று என்று. அவள் பையை வாங்கவில்லை. மூலையிலிருந்த முதுகுப்பையை எடுத்து மேசைமேல் போட்டு, நெஞ்சுப் பட்டையை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

அவர் பார்த்தார். தையல் தெரியாதவருக்கும் புரிந்தது. ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

"எப்பப் பாத்தீங்க அண்ணி?"

"போன மாசம். நீங்க எப்பத் தொறந்தீங்க?"

"இழுத்துப் போட்ட ஒடனே. அப்பத் தொறக்காம எப்படி? அது அவரு கழுத்துல..." நிறுத்தினார். "தொறந்துட்டு நிமிர்ந்து பாத்தா நீங்க ஓடி வர்றீங்க. ஷூ நாடா ஒண்ணு அவுந்து போயி, அதையே மிதிச்சு விழுந்து எந்திரிச்சு வர்றீங்க. ‘மாட்டியிருந்துச்சு’ன்னு எந்த வாயால சொல்லுவேன்? சொல்லல."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாம்."

"ஒருதடவை சொல்லியாச்சு, மறுதடவை போலீஸ்காரருகிட்டயும் சொல்லியாச்சு. அப்புறம் எப்படி?"

"ஒண்ணு போட்டா நாலு போடுவீங்களே."

"போடத்தான் தெரியும் அண்ணி. அவுக்க வராதே." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

அவள் பதிப்பகத்து வரியைச் சொன்னாள். அவருக்கு அது தெரிந்திருந்தது. கூட்டத்தில் அவரும் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க ஒண்ணும் பேசலையா?"

"என்னத்தப் பேச? ‘ரூல் சரிதான்’னு சொன்னா ‘அப்ப அவரு ஏன் போனாரு’ன்னு கேப்பாங்க." குரலைத் தணித்தார். "காரணம் சொல்லாம, பழைய வரியே இருக்கட்டும்னு எழுதிக் குடுத்துடுங்க அண்ணி. நீங்க சொன்னா கேப்பாங்க."

"நேத்தே அப்படி எழுதிக் குடுத்தேன். கேக்கல. செத்தவரே எதிர்சாட்சியா நிக்கறாரு, நான் வெறுங்கையோட போயி நின்னா யாரு கேப்பா?"

கீழே சைக்கிள் கடையில் யாரோ மணியை அடித்து அடித்துப் பார்த்தார்கள்.

"வர்ற மாசம் அதே ஆத்துக்குத்தானே போறீங்க?"

"ஆமா. பசங்க வளந்துட்டாங்க, இந்தத் தடவை என் வீட்டுக்காரியும் வர்றேங்கறா. ஷூவெல்லாம் வாங்கி வீட்டுக்குள்ளயே போட்டு நடந்து பழகறா. லிஸ்ட்டு அண்ணன் புக்குல அப்படித்தான் போட்டிருக்காம்."

"அவ பட்டையை யாரு பாப்பா?"

"நான்தான்."

"புதுப் புக்கு சொல்றபடியா, பழைய புக்கு சொல்றபடியா?"

"என்ன அண்ணி இப்படிக் கேக்கறீங்க! நான் கழட்டித்தான் விடுவேன்."

"நீங்க கழட்டுவீங்க. உங்களுக்கு உண்மை தெரியும். பின்னால வர்ற அஞ்சு பேரு?"

அவர் கயிற்றுப் பையின் ஜிப்பை இழுத்து இழுத்துப் பார்த்தார். அது நகரவில்லை.

"நீங்க சொன்னா நானும் சொன்னதா ஆயிடும்."

"ஆயிடும்."

"ஒரு வருஷமா வீட்டுக்காரி தினமும் பக்கத்துல படுக்கறா, அவகிட்ட இதைச் சொல்லல. அப்புறம் ஆத்துல நின்னுட்டு ‘கையைப் புடி, பயப்படாத’ன்னா எதை நம்பிப் புடிப்பா?"

அவர் எழுந்து படி வரை போய்த் திரும்பினார்.

"உங்க இஷ்டம் அண்ணி. நான் குறுக்க நிக்க மாட்டேன்." இரண்டு படி இறங்கியபின் குரல் மட்டும் மேலே வந்தது. "ஆனா நாளைக்குச் சாயந்தரம் வரைக்கும் என் ஃபோனை ஆஃப் பண்ணி வெச்சுக்கறேன்."

8

முடிவுகள்.

ஒன்று: அவள் பதிப்பகத்துக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்கிறாள். மறுமுனையில் அந்தப் பெண் அழுகிறாள். நாத்தனார் நேரில் வந்து கட்டிப்பிடித்துக்கொண்டு, "எனக்கு அப்பவே தெரியும்மா" என்கிறார்.

[நாத்தனாருக்குத் தெரியாது. கட்டிப்பிடிக்கவும் மாட்டார். என்னை நானே மன்னித்துக்கொள்ள அவருடைய கைகளைக் கடன் வாங்கக் கூடாது. அடித்துவிட்டேன்.]

இரண்டு: அவள் சொல்லவில்லை. புத்தகம் வருகிறது. அடுத்த வருஷம் ஒரு செய்தி வருகிறது, எங்கோ ஓர் ஆற்றில்—

[இதையும் அடித்துவிட்டேன். அவள் பேச வேண்டும் என்பதற்காக முகம் தெரியாத ஒருவரைத் தண்ணீரில் தள்ள மாட்டேன். கதையிலும் தள்ள மாட்டேன்.]

மூன்று: அவள் உண்மையைச் சொல்கிறாள், முடிச்சை மட்டும் காப்பாற்றுகிறாள். கரையில் பக்கிளைத் திறந்தது தான்தான் என்கிறாள்.

[ராத்திரி முழுக்க இந்த முடிவை வைத்துக்கொண்டிருந்தேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே நின்ற மற்ற மூன்று பேருக்கும் கண் இருக்கிறது, அவள் கடைசியாக வந்து சேர்ந்ததைப் பார்த்தவர்கள். ஒரு பொய்யை எடுக்க இன்னொரு பொய்யைச் சொருகினால் கணக்கு மறுபடி தப்பாகத்தான் வரும்.]

நாலாவதை எழுத உட்கார்ந்தேன். வெள்ளிக்கிழமை காலை, பதினோரு மணி. மேசைமேல் போன். அதன் பக்கத்தில் நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்தத் தாள்கள், எண்பத்து நான்காம் பக்கத்துக்குப் பதிலாக. இரண்டு பக்கம் கேட்டவளுக்கு இத்தனை பக்கம். இதை அப்படியே அனுப்பினால் எதையும் வாயால் சொல்ல வேண்டியதில்லை. அனுப்பாவிட்டால் இது வெறும் கதை, என்றாவது ஒரு தொகுப்பில் வரும், ‘நன்றாக எழுதுகிறார், பாவம்’ என்பார்கள்.

இதற்கு மேல் நான் எழுதுவதாக இல்லை. எழுதினால் அதையும் நன்றாக முடித்துவிடுவேன், அதில்தான் எனக்குப் பயம். இந்தக் கை ஒட்டு தெரியாமல் தைத்துவிடும் என்று முன்பே சொல்லிவிட்டேன்.

ஆனால் நீங்கள் சரிபார்க்கலாம். இதைக் கையேட்டின் நடுவில் வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், அவள் அனுப்பிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை போன் வருகிறதா இல்லையா என்பது அவள் பாடு. வேறு எங்காவது படிக்கிறீர்கள் என்றால் தயவுசெய்து ஒரு காரியம் செய்யுங்கள். மூன்றாம் பதிப்பு ஒன்றைத் தேடி எடுங்கள். நூலகத்தில் இருக்கும், நடைக்குப் போகிற எவர் வீட்டிலும் இருக்கும். ஆற்றைக் கடக்கும் அத்தியாயத்தைத் திறந்து தடித்த எழுத்தில் இருக்கும் வரியைப் படியுங்கள்.

‘அவிழ்த்துவிடவும்’ என்று இருந்தால், மூடி வைத்துவிடலாம்.

‘மாட்டியே வைத்திருக்கவும்’ என்று இருந்தால், அவளால் முடியவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். அவளுக்காகக் காத்திருக்க வேண்டாம். ஒரு பேனாவை எடுத்து அந்த வரியை அடியுங்கள். ஓரத்தில், படிக்கிற மாதிரி, பழைய வரியை எழுதுங்கள். யாராவது காரணம் கேட்டால் இந்தத் தாள்களைக் கொடுங்கள்.